இருநூற்று நாற்பது முனைகள்

பெட்டி திரும்பி வந்துவிட்டது.
உள்ளே நூற்றிருபது வீரர்கள், பஞ்சுக்குள் படுத்தபடி,
ஒவ்வொருவனும் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம்.
மேலே கட்டம்போட்ட தாளில் பென்சில் எழுத்து:
அம்ரைன், ஓய்வுபெற்ற நில அளவையாளர், ரோத்தன்பூர்க்.

“முகமூடி சரி. நாய்மூக்குப் போல நீண்டு,
மூச்சுத் துளைகள் வலக் கன்னத்தில் மட்டும். மகிழ்ந்தேன்.
கழுத்து வலையின் வளையங்களை எண்ணினேன், குறையில்லை.
ஆனால் செம்பாஹ் வயலில், அந்த ஜூலை வெயிலில்,
பிரபுக்கள் குதிரையை விட்டு இறங்கியல்லவா நின்றார்கள்?
காலைப் பாருங்கள்.”

பார்த்தேன்.
எல்லாக் காலணியும் கொக்கின் அலகாக நீண்டிருந்தது.
கல்லறைச் சிற்பம் ஒன்றைப் பார்த்துச் செதுக்கியது.
அங்கே படுத்திருப்பவனுக்கு நடக்கிற வேலை இல்லை என்பது
எனக்குத் தோன்றவே இல்லை.

சேணத்தில் இருக்கும்வரை அந்த அலகு அழகு.
தரையில் இறங்கினால் புல் தடுக்கும்,
பக்கத்து ஆள் மிதிப்பான்.
ஆகவே வெட்டி எறிந்தார்களாம்.
முனைகள் வண்டிவண்டியாகக் கிடந்தனவாம்.
நான் ஓர் ‘ஆம்’ போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.
அவர் மொழியிலும் அதற்கொரு சந்து உண்டு,
அம்ரைன் அதற்குள் ஒருநாளும் நுழைவதில்லை.

சுர்சேயில் எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறை
செவ்வாய் மாலை என் முறை.
இயந்திரத்தில் வெள்ளைத் துணி, அறுபது டிகிரி.
நான் ரொம்பச் சுத்தக்காரி என்று
மூன்றாம் மாடி ஓடர்மாட் நம்புகிறாள்.
பகலில் பற்களுக்குத் தொப்பி வார்ப்பவள் நான்.
ஆய்வகத்தின் நுனிக்கத்தியை எடுத்து
முதல் வீரனின் வலக்கால்.
நகம் வெட்டுகிற சத்தம்.
இடக்கால்.
அடுத்தவன்.

முப்பதாவது ஆளில் கை ஓடத் தொடங்கியது.
அறுபதில் ஒருவனின் விரலையும் சேர்த்துச் சீவிவிட்டு
வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.
நூறைத் தாண்டியபோது பிரபு என்று யாரும் மிச்சமில்லை,
அவசரத்தில் செருப்பைச் சரிசெய்கிற ஆண்கள்.
வெட்டிய இடத்தை அரத்தால் வழிக்கவில்லை.
எதிரி மேட்டில் நிற்கும்போது
யார் வழித்திருப்பார்கள்?

முனைகளைத் தேநீர்த் தட்டில் கூட்டினேன்.
தராசு சொன்னது: ஆறு கிராம்.

வெள்ளீயத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை.
அலமாரியில் ஓர் அச்சு, யாரும் கேட்காதது:
பின்வரிசையில் குதிரைகளைப் பிடித்து நிற்கும் பையன்.
அவன் என்ன உடுத்தினான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.
அம்ரைன் முன்பே எழுதியிருந்தார்:
“சான்றில்லை. வேண்டாம்.”

அவனுக்கு ஒன்பது கிராம் பிடிக்கும். தெரிந்தேதான் செய்தேன்.
கரண்டியில் முனைகள் சற்று முரண்டு பிடித்தன,
பிறகு சட்டென்று ஒரே துளியாகி
அழப்போகிற கண்போல நடுங்கின.
டால்கம் பவுடர் தூவி, ஊற்றினேன்.

அச்சு தலைகீழாக நிற்பது. தலை முதலில் நிறையும்.
பிரித்தேன்.
சுருள்முடி வந்திருந்தது. பொட்டுப்போல் மூக்கு.
கடிவாளத்தை இறுக்கிய இரண்டு கை.
இடுப்பு, தொடை,
முழங்காலோடு உலோகம் தீர்ந்துவிட்டது.
இத்தனை காலணியில் பிறந்தவனுக்குப்
பாதம் இல்லை.

இயந்திரம் சுழன்று நின்றது. துணியை எடுக்கவில்லை.

நூற்றிருபது பேரையும் மறுபடி பஞ்சில் படுக்கவைத்து
மூலையில் அவனை மட்டும் செருகி நிறுத்தினேன்.
பஞ்சு அவனைப் பிடித்துக்கொண்டது.
கட்டம்போட்ட தாளின் பின்பக்கம்,
அம்ரைன் நுழையாத அந்தச் சந்தில் நுழைந்து,
ஒரே ஒரு வரி எழுதினேன்:

அன்றைக்கு அந்த வயலில்
புல் முழங்கால் உயரம் இருந்ததாம்.